மேடையில் தப்பில்லை, விசாவில்தான் சிக்கல்

லண்டனில் முதுகலை படிக்கும் ஒரு மாணவி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

கொங்குப் பக்கத்து ஊர், வயது 25, ஸ்டூடன்ட் விசா. வாரம் 12 மணி நேரம் சூப்பர்மார்க்கெட்டில் வேலை பார்க்கிறார். கூடப் படிக்கும் தோழி அழைத்துப் போக, ஒரு பர்லெஸ்க் (வேடிக்கையும் நையாண்டியுமாக மெல்லத் துணி களையும் மேடை ஆட்டம்) வகுப்பில் சேர்ந்திருக்கிறார். வகுப்பு நடத்தும் பெண்மணி மூலமாக நகர மையத்தில் ஒரு சின்ன அரங்கு அறிமுகமாகியிருக்கிறது. படியிறங்கிப் போனால் எழுபது நாற்காலி, ஓரத்தில் ஒரு பார், ஒரே ஒரு ஒப்பனை அறை. ஒரே இரவில் ஒரு மேஜிக்காரர், பொம்மையைப் பேசவைக்கும் ஒருவர், பாடகி ஒருவர், நடுநடுவே பர்லெஸ்க் ஆட்டங்கள். நம் வாசகியின் ஆட்டம் வேடிக்கையானது. ஆறு கெஜம் சேலையை மெல்ல அவிழ்க்கிறார், அடியில் இன்னொரு சேலை. அதை அவிழ்த்தால் இன்னொன்று. "மூணாவது சேலை தெரியும்போதே சனம் சிரிச்சு ஓய்ஞ்சிரும் மேடம்" என்று எழுதியிருக்கிறார். கடைசியில் முலைக்காம்பை மறைக்க ஒட்டிய பேஸ்டிஸும் அரைக்கால் சட்டையுமாக ஒரு கும்பிடு, விளக்கு அணைகிறது. மாதம் இரண்டு முறை ஆடுகிறார். இரவுக்கு 60 பவுண்டு, கவரில்.

இனி சிக்கல். வாசகி தங்கியிருக்கும் வீட்டில் வேறு அறையில் ஒருவர் இருக்கிறார். பக்கத்து ஊர்க்காரர், அண்ணா என்றுதான் இவர் கூப்பிடுவார். அந்த அண்ணா சொல்லாமல் டிக்கெட் எடுத்து வந்து, கைபேசியில் இரண்டு நிமிடம் படம் எடுத்துவிட்டார். முதலில் "இதோட நிறுத்து, இல்லைன்னா உங்க அப்பாவுக்கு அனுப்புவேன்" என்றார். போன வாரம் "அவசரமா 400 பவுண்டு வேணும், அந்த வீடியோ ஞாபகம் இருக்குல்ல" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார்.

வாசகி முக்கியமாகக் கேட்பவை மூன்று. அரங்கில் போலீஸ் ரெய்டு வந்தால் தன்னை நாடு கடத்துவார்களா? தானே விருப்பப்பட்டு மேடையில் ஆடியதால் வீடியோவைப் பற்றிப் புகார் செய்ய உரிமை கிடையாதுதானே? வாரம் 20 மணி நேரத்துக்குள் இருப்பதாலும், ஆட்ட வருமானம் இந்த வரி ஆண்டில் 1,000 பவுண்டைத் தாண்டாது என்பதாலும் விசாவில் ஒன்றும் வராதுதானே?

அன்புள்ள வாசகிக்கு,

பயப்பட வேண்டாத இடத்தில் பயப்படுகிறீர்கள், பயப்பட வேண்டிய இடத்தில் நிம்மதியாக இருக்கிறீர்கள். அதனால் உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

20 மணி நேரக் கணக்கு இங்கே உதவாது

பட்டப்படிப்பும் அதற்கு மேலும் படிக்கிறவர்களுக்குப் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே விதியில் அடுத்த வரிகளை யாரும் படிப்பதில்லை. ஸ்டூடன்ட் விசாவில் சுயதொழில் செய்யக் கூடாது, தொழில்முறை விளையாட்டு வீரராக இருக்கக் கூடாது, மேடைக் கலைஞராக வேலை செய்யக் கூடாது. பர்லெஸ்க் ஆட்டம், மேஜிக், மேடையில் பாட்டு, கல்யாண வீட்டில் காசு வாங்கிக்கொண்டு கீபோர்ட் வாசிப்பது என்று எல்லாமே இதில் மாட்டும். ஒரு மணி நேரமா, பத்து மணி நேரமா என்பது கேள்வியே இல்லை. பரதநாட்டியம் ஆடினாலும் இதே பதில்தான். உங்கள் கலையின் மீது இந்த விதிக்குத் தனியாக வெறுப்பு ஒன்றும் கிடையாது.

கவரில் வாங்கும் 60 பவுண்டு இரண்டு தடைகளையும் ஒரே நேரத்தில் மீறுகிறது. நீங்கள் அரங்கின் ஊழியர் அல்ல. உங்கள் ஆட்டத்தை நீங்களே விற்கிறீர்கள், அதற்குப் பெயர் சுயதொழில். சரி, 1,000 பவுண்டு? அது வருமான வரித் துறையின் சலுகை. ஒரு வரி ஆண்டில் சிறு தொழில் மூலம் வரும் முதல் 1,000 பவுண்டுக்கு வரி வேண்டாம், பெரும்பாலும் கணக்குச் சொல்லவும் வேண்டாம் என்கிறது அந்தத் துறை. அந்தச் சலுகைக்கும் உள்துறை அமைச்சகம் போட்ட விசா நிபந்தனைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

"அப்போ காசு வாங்காம ஆடலாமா" என்று அடுத்து கேட்பீர்கள். வகுப்பு முடிவில் மாணவிகள் சேர்ந்து நடத்தும் ஆட்டம், பல்கலைக்கழகச் சங்கத்தின் விழா, இவை பொழுதுபோக்கு. டிக்கெட் விற்கும் அரங்கில், பட்டியலில் பெயர் போட்டு, மாதாமாதம் ஆடுவதைப் பொழுதுபோக்கு என்று சொன்னால் அதிகாரி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை. சம்பளமில்லாத வேலையும் வேலைதான் என்பதே குடிவரவு விதிகளின் பார்வை. எனவே காசை மட்டும் நிறுத்திவிட்டு ஆட்டத்தைத் தொடரச் சொல்லி நான் ஆலோசனை தர மாட்டேன்.

விதிமீறல் தெரிய வந்தால் விசாவை ரத்து செய்ய முடியும். அடுத்து போடும் விண்ணப்பத்தையும் மறுக்க முடியும். நிபந்தனையை மீறி வேலை செய்வது சட்டப்படி குற்றமும்கூட. எல்லோருக்கும் இது நடக்கிறது என்று பயமுறுத்தவில்லை. ஆனால் படிப்பு முடிய இன்னும் சில மாதமே இருக்கும்போது இந்தச் சூதாட்டம் எதற்கு? ஏன் என்றால், படிப்பு முடிந்து நீங்கள் எடுக்கப்போகும் கிராஜுவேட் விசாவில் இந்தத் தடை கிடையாது. அதில் தொழில்முறை விளையாட்டு மட்டும்தான் கூடாது. சுயதொழிலும் செய்யலாம், மேடையிலும் ஆடலாம். 2026 டிசம்பர் 31 வரை விண்ணப்பிக்கும் முதுகலை மாணவர்களுக்கு அது 2 ஆண்டு, அதன்பின் விண்ணப்பித்தால் 18 மாதம். நீங்கள் கையில் எடுக்க வேண்டிய தேதி அதுதான்.

அதுவரை அந்த அரங்கை விட்டு முழுதாக விலக மனமில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. டிக்கெட் கவுன்டர், விளக்கு, பார், உடை தைப்பது போன்ற வேலையில் முறையான ஊழியராகச் சேரலாம். சம்பளச் சீட்டோடு, சூப்பர்மார்க்கெட்டின் 12 மணியையும் சேர்த்து 20க்குள். முதுகலை மாணவர்களுக்குக் கோடை விடுமுறை என்று நினைக்கும் மாதங்கள் பல சமயம் படிப்புக் காலமாகவே கணக்காகும், ஆய்வேடு எழுதும் காலம் அது. உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் தேதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இதுவரை ஆடியதைப் பற்றி? இனி எந்த விண்ணப்பத்திலும் இதுகுறித்து நேரடியாகக் கேள்வி வந்தால் பொய் எழுதாதீர்கள். விதிமீறலை விளக்கிக் கரையேற வழி இருக்கலாம். ஏமாற்றியதாக முடிவானால் 10 ஆண்டு வரை தடை வரலாம். அந்த விண்ணப்பத்தைப் போடும் முன் ஒரு சொலிசிட்டரையோ, குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிவு செய்தவரையோ பாருங்கள். ஹைரோட்டில் கடை போட்டிருக்கும் 'விசா அங்கிள்' வேண்டாம்.

அரங்கு சட்டவிரோதமா?

பர்லெஸ்க் என்றதும் ஸ்ட்ரிப் கிளப் என்று நினைத்து, ரெய்டு வரும் என்று இரவெல்லாம் தூங்காமல் இருக்கிறீர்கள். பர்லெஸ்க் லண்டன் மேடைக்கு அந்நியமானது அல்ல. 19ஆம் நூற்றாண்டில் இங்கே அது பெரிய நாடகங்களையும் ஆபெராவையும் கிண்டலடிக்கும் கூத்தாக இருந்தது. ஆண் வேடத்தைப் பெண்கள் கட்டி, பெரிய மனிதர்களை நக்கலடிப்பார்கள். 1868இல் லிடியா தாம்ப்சன் என்ற லண்டன் நடிகை தன் குழுவோடு நியூயார்க் போய் அதை அமெரிக்காவில் பரப்பினார். துணியைக் களையும் பாணி அங்கேதான் பிற்பாடு பெரிதாக வளர்ந்தது. நியூயார்க் மேயர் லகார்டியா 1937இல் நகரத்தின் பர்லெஸ்க் அரங்குகளை மூடவைத்தார். 1990களில் பெண்களே அதைக் கையிலெடுத்து மறுபடி சிரிப்புக்கும் நையாண்டிக்கும் திருப்பினார்கள். உங்கள் சேலை ஆட்டம் இந்த வரிசையில்தான் வருகிறது.

லண்டன் சட்டம் இந்த மேடையோடு மல்லுக்கட்டிய கதையும் சுவாரசியமானது. பிக்காடிலி பக்கத்தில் விண்ட்மில் என்றொரு சின்ன அரங்கு 1932 முதல் தொடர்ச்சியான வெரைட்டி ஷோ (பாட்டு, ஆட்டம், நகைச்சுவை எல்லாம் கலந்த நிகழ்ச்சி) நடத்தியது. உரிமையாளர் லாரா ஹெண்டர்சன், நடத்தியவர் விவியன் வான் டாம். அப்போது நாடகத் தணிக்கை லார்ட் சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியின் கையில். அவரிடம் பேசி இவர்கள் வாங்கிய சலுகை என்ன தெரியுமா? நிர்வாணமாக ஒரு பெண் மேடையில் நிற்கலாம், ஆனால் அசையக் கூடாது. அசையாதவரை அது சிலை, கலை. விரல் அசைந்தால் ஆபாசம். குண்டு விழுந்த போர்க்காலத்திலும் அந்த அரங்கு நடந்தது. 1964இல் மூடியது. நான்கு வருடம் கழித்து, 1968 நாடக அரங்குச் சட்டத்தோடு அந்தத் தணிக்கை முறையே ஒழிந்தது. வழக்கறிஞர்களுக்குப் பிடித்த கதை, அதனால் கொஞ்சம் நீட்டிவிட்டேன்.

இன்றைய நிலை இது. 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று 'பாலியல் கேளிக்கை இடம்' என்று ஒரு தனி உரிம வகையை உண்டாக்கியது. உள்ளாட்சி கவுன்சில் அதை ஏற்றுக்கொண்ட பகுதிகளில் அது செல்லும். நேரடி ஆட்டமோ நிர்வாணக் காட்சியோ, முழுக்கவோ முக்கியமாகவோ பார்ப்பவரின் பாலியல் உணர்வைத் தூண்டத்தான் என்று நியாயமாகக் கருதும்படி இருக்க வேண்டும். அப்போதுதான் அந்த உரிமம் தேவை. பெண்ணைப் பொறுத்தவரை முலைக்காம்பு தெரிவதும் நிர்வாணத்தில் அடங்கும். பேஸ்டிஸ் எதற்கு என்று உங்கள் ஆசிரியை சொல்லியிருப்பார், இதற்கும்தான். நாடகத்தின் அல்லது நடனத்தின் பகுதியாக அரங்கில் வரும் நிர்வாணத்தைப் பெரும்பாலும் அப்படிக் கருத முடியாது என்று அரசின் வழிகாட்டியே சொல்கிறது. அதோடு, வருடத்துக்கு 11 முறைக்கு மேல் போகாமல், ஒவ்வொன்றும் 24 மணி நேரத்தைத் தாண்டாமல், நடுவில் ஒரு மாதம் இடைவெளி விட்டு நடத்தினால் அந்த உரிமமே வேண்டாம்.

உங்கள் அரங்குக்கு மது விற்கும் உரிமமும் இரவு 11க்கு மேல் நடத்தும் உரிமமும் இருக்கிறதா என்பது அரங்குக்காரர் கவலை. உரிமத்தில் தவறு என்றால் முதலில் பிடிபடுவது நடத்துகிறவர்தான். மூன்று சேலை அவிழ்த்த பெண்ணை நாடு கடத்தும் விதி இதில் இல்லை. சோதனைக்கு வரும் அதிகாரி உங்கள் விசாவைக் கேட்டால் மட்டும்தான் ஆபத்து, அதற்குப் பதில் மேலே சொல்லியாயிற்று.

அந்த இரண்டு நிமிட வீடியோ

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி: "நானே ஆடினேன், அதனால நான் யாரைக் குத்தம் சொல்றது?" எழுபது பேர் முன்னால் ஆடச் சம்மதித்தீர்கள். கைபேசியில் பதிவாகவும், அப்பாவின் வாட்ஸ்அப்புக்குப் போகவும் சம்மதிக்கவில்லை. சட்டமும் இந்த இரண்டையும் வேறு வேறாகத்தான் பார்க்கிறது.

முதலில் பணம். பயமுறுத்திப் பணமோ பொருளோ கேட்பது 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் மிரட்டிப் பறித்தல். உச்சத் தண்டனை 14 ஆண்டு. 'கடன்' என்று பெயர் வைத்தாலும், வீடியோவை நினைவூட்டி 400 பவுண்டு கேட்ட அந்த ஒரு செய்தி அவருக்குப் பெரிய வினை. "நிறுத்து, இல்லைன்னா அனுப்புவேன்" என்ற முதல் மிரட்டல் இந்தப் பிரிவில் வராது, ஏனென்றால் அதில் பணமோ பொருளோ இல்லை. அதற்கு வேறு பிரிவு உண்டு.

அது 2024 ஜனவரி 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவரின் அந்தரங்கப் படத்தைச் சம்மதமில்லாமல் பகிர்வது குற்றம், பகிர்வேன் என்று மிரட்டுவதும் குற்றம், மிரட்டலுக்கு 2 ஆண்டு வரை சிறை. உள்ளாடை அளவில் மட்டும் மறைத்த உடலும் இதில் அடங்கலாம். ஆனால் ஒரு விதிவிலக்கை மறைக்காமல் சொல்ல வேண்டும். பொதுமக்கள் வரக்கூடிய இடத்தில், டிக்கெட் வாங்கி வருவதானாலும் சரி, ஒருவர் விரும்பி அந்த நிலையில் இருந்து, படமெடுக்க மாட்டார்கள் என்று எதிர்பார்க்க நியாயமும் இல்லை என்றால், பகிர்ந்தவர் தப்பிக்கலாம். எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் பிடிப்பார். இங்கே உங்களுக்குக் கைகொடுப்பது அரங்கின் பழக்கம். ஷோ தொடங்கும்போது நிகழ்ச்சித் தொகுப்பாளர் கைபேசியை உள்ளே வைக்கச் சொல்வார், சுவரிலும் எழுதியிருக்கிறது என்று நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். படமெடுக்கக் கூடாது என்று அறிவித்த இடத்தில், எடுக்க மாட்டார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். அந்த அறிவிப்புப் பலகையைப் படமெடுத்து வையுங்கள். அன்றைக்கு அறிவித்தவரிடம் இரண்டு வரி எழுதி வாங்குங்கள்.

இன்னொரு ஆயுதம் யாரும் நினைக்காத இடத்தில் இருக்கிறது. 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் மேடைக் கலைஞருக்குத் தனி உரிமை தருகிறது. நடனம், இசையோடு 'வெரைட்டி நிகழ்ச்சி' என்பதையும் அது பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. உங்கள் சம்மதமில்லாமல் ஆட்டத்தைப் பதிவு செய்வதும் இணையத்தில் போடுவதும் அந்த உரிமையை மீறுவது. வீடியோ எங்காவது ஏறிவிட்டால், நீக்கச் சொல்லி அந்தத் தளத்துக்கு எழுதும்போது இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

செய்ய வேண்டியவை: பணம் கொடுக்காதீர்கள், ஒரு பவுண்டு கொடுத்தாலும் அடுத்த மாதம் மறுபடி கேட்பார். அவருடைய செய்திகளை அழிக்காதீர்கள், எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு இடத்திலும் சேமியுங்கள். கோபத்தில் பதில் மிரட்டல் வேண்டாம். இந்நாட்டில் ரிவென்ஜ் போர்ன் ஹெல்ப்லைன் என்ற இலவச உதவி மையம் உண்டு, அங்கே பேசுங்கள். அதை நடத்துபவர்களின் ஸ்டாப்என்சிஐஐ என்ற சேவையில், படம் உங்கள் கைபேசியை விட்டு வெளியே போகாமலே அதற்கு ஒரு டிஜிட்டல் அடையாளம் உண்டாக்கி, சேர்ந்திருக்கும் சமூக வலைத்தளங்களில் அது ஏறாமல் தடுக்கப் பார்ப்பார்கள். அதற்கு அந்த வீடியோவின் நகல் உங்களிடம் இருக்க வேண்டும். தனி ஆளிடமிருந்து தனி ஆளுக்குப் போகும் வாட்ஸ்அப் செய்தியை அது தடுக்காது.

போலீஸுக்குப் போகலாமா? போகலாம். ஆனால் போலீஸ் உங்கள் விசா விவரத்தை உள்துறைக்குச் சொல்லவே மாட்டார்கள் என்று உங்களுக்கு உறுதி சொல்ல என்னால் முடியாது. அப்படி ஒரு தடுப்புச்சுவர் இங்கே சட்டத்தில் இல்லை. அதனால் வரிசை முக்கியம். இன்றே ஆட்டத்தை நிறுத்துங்கள், இந்த வாரமே குடிவரவு ஆலோசனை பெறுங்கள், அப்புறம் புகார். உடல்ரீதியான மிரட்டல் வந்தால் இந்த வரிசையெல்லாம் பார்க்காமல் 999ஐ அழையுங்கள். அந்த ஆள் பக்கத்து அறையில் இருக்கிறார் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. வேறு தங்குமிடத்துக்குப் பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள், இப்படிப்பட்ட சூழலில் அவசர அறை தருவதற்கு வாய்ப்பு உண்டு.

வீட்டுக்குச் சொல்வதா என்பது சட்டக் கேள்வி இல்லை. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். அப்பாவிடம் இப்போது பேச முடியாது, சித்தி புரிந்துகொள்வார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சித்தியிடம் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள், மூன்று சேலை விஷயத்தையும் சேர்த்து. வீட்டில் ஒருவருக்காவது முன்பே தெரிந்துவிட்டால் அந்த அண்ணா கேட்கும் 400 பவுண்டுக்கு என்ன மதிப்பு இருக்கும்?

அரங்கு கொடுத்த காகிதம்

நீங்கள் இணைத்திருந்த ஒரு பக்க ஒப்பந்தத்தைப் படித்தேன். நாலாவது பத்தி, அரங்கு எடுக்கும் எல்லா வீடியோவையும் 'எங்கும், எப்போதும், எந்த வடிவிலும்' பயன்படுத்தலாம் என்கிறது. மேலே சொன்ன கலைஞர் உரிமையை நீங்களே எழுதிக் கொடுப்பது போன்றது இது. இந்த நகரத்தின் வெரைட்டி கலைஞர்கள் ஒப்பந்த விஷயத்தில் ஏமாளிகளாக இருந்ததில்லை. கூலி இல்லாமல் கூடுதல் காட்சி ஆடச் சொன்னதை எதிர்த்து 1907இல் மியூசிக் ஹால் எனப்படும் வெரைட்டி அரங்குகளின் கலைஞர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். அன்றைய உச்ச நட்சத்திரம் மேரி லாய்டும் அவர்கள் பக்கம் நின்றார். இன்று அவர்களுக்கான சங்கம் ஈக்விட்டி. கிராஜுவேட் விசா கைக்கு வந்ததும் அதில் சேருவதைப் பற்றி யோசியுங்கள்.

அரங்குக்காரரிடம் "படிப்பு முடியும்வரை ஆட முடியாது, விசா நிபந்தனை" என்று மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். அவருக்கும் இது நல்லதுதான், உங்களை ஊழியர் என்றே அதிகாரிகள் கருதிவிட்டால், அனுமதி இல்லாத ஊழியரை வைத்திருந்ததற்கு முதல் முறையே ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம் வரலாம் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். திரும்பி வரும்போது நாலாவது பத்தியில் மூன்று திருத்தம் கேளுங்கள்: விளம்பரத்துக்கு மட்டும், ஒரு நிமிடத்துக்கு மிகாமல், நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பகுதி மட்டும். நீங்கள் அனுப்பிய நகலில் கையெழுத்து இல்லை. அசலில் ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா என்று எழுதவில்லை. போட்டிருந்தால் தேதியோடு தெரிவியுங்கள், அதற்குப் பதில் வேறு.